சீன நகரங்களில் பார்த்த ஏதாவது ஒன்று இன்னும் மனசில் உறுத்துதா? எழுதுங்க

பேட்டரி பாலு

பாய்ஷிஜோ தெரிஞ்சவங்க இருக்கீங்களா? ஷென்ஜென் நகரம் சுத்தி வளர்ந்ததுல நடுவுல மாட்டிக்கிட்ட பழைய கிராமம், ஷென்னான் பெருஞ்சாலை, குட்டி ஈஃபில் கோபுரம் நிக்கிற தீம் பார்க்குக்குப் பக்கத்துல. பேட்டரி கொள்முதலுக்காகப் போனப்ப கம்பெனி கொடுத்த வாடகைப்படிக்கு அங்கதான் அறை கட்டுப்படியாச்சு. ஜன்னல் வழியா எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் குலுக்கலாம், அவ்வளவு நெருக்கம். மத்தியானம் 12 மணிக்கும் ட்யூப்லைட் வேணும்.

எதிர் ஜன்னல்ல ஹுனான்காரம்மா ஒருத்தங்க. நான் மிளகாய் தாளிச்சா அவங்க இருமுவாங்க, அவங்க வதக்கினா நான் இருமுவேன். பேச்சு கிடையாது. 2019 ஜூலையில, இடிக்கப் போறோம்னு காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துடுச்சு. ஒரு ராத்திரி ஜன்னல் கம்பி வழியா போனை என் முகத்துக்கு நேரா நீட்டினாங்க. மொழிபெயர்ப்பு ஆப்ல ஒரே கேள்வி: "நீங்க போற இடத்துல ஸ்கூல் இருக்கா?" பையன் ரெண்டாங்கிளாஸ், செப்டம்பர்ல பள்ளி திறக்கணும். இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊர்ல ஸ்கூல் விசாரிக்க அந்தம்மாவுக்கு நான்தான் கிடைச்சேனான்னு இன்னும் தோணுது. நான் போனது ஒரு கம்பெனி ஹாஸ்டலுக்கு.

செங்குத்து

சோங்சிங் பற்றி யாராவது ஆரம்பிப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். தயவுசெய்து லிசிபா ஸ்டேஷனை இழுக்காதீர்கள். 19 மாடிக் கட்டடத்தைத் துளைத்து மோனோரயில் விட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தப்பு. கட்டடமும் ஸ்டேஷனும் ஒரே திட்டமாகச் சேர்ந்து எழும்பியவை. ஆறிலிருந்து எட்டாம் மாடி வரை ஸ்டேஷன். ரயில் பாரத்தைத் தாங்கும் தூண்கள் வீட்டுத் தூண்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கின்றன, அதனால் வீடு அதிர்வதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு சப்ளையரைப் பார்க்கப் போனேன். மேப் "வந்துவிட்டீர்கள்" என்கிறது, எதிரே வெறும் கைப்பிடிச் சுவர். எட்டிப் பார்த்தால் அவர் கடை இருபது மாடி கீழே. மலைச்சரிவில் கட்டிய அந்த ஊரில் ஒரு கட்டடத்தின் ஒரு பக்கத் தரைமட்டம் மறுபக்கத்தில் 22-ஆம் மாடி என்பதெல்லாம் சாதாரணம். லிஃப்ட் தேடிக்கொண்டிருந்தபோது, மூங்கில் கழியில் இரண்டு பக்கமும் டைல்ஸ் பெட்டி தொங்க, அறுபது தாண்டிய பெரியவர் ஒருவர் படியில் ஏறி வந்தார். பாங்பாங் என்பார்கள், கழிச்சுமைக்காரர்கள். மேலே வந்து பாரத்தை இறக்கினார், எனக்கு ஒரு சிகரெட் நீட்டினார், பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினார். லிஃப்ட் அங்கே இருந்தது, ஒரு யுவான் கட்டணத்தோடு. அவர் மட்டும் திரும்பவும் படியில் இறங்கிப் போனார்.

வூஹான் டாக்டரம்மா

நான் படிச்சது வூஹான்ல. வெளியில வாடகைக்கு இருந்தது முப்பது மாடி டவர்கள் அடங்கின ஒரு குடியிருப்பு வளாகம். ஜன்னல்ல பார்த்தா நேர் எதிர்ல காய்கறிக் கடை. ஆனா நடுவுல வேலி. கேட் மறுகோடியில. சுத்திப் போய்வர்ற நேரத்துக்கு சோறே வெந்துடும்.

அந்த வேலியில ரெண்டு கம்பியை யாரோ வளைச்சு வச்சிருந்தாங்க. ஒல்லியான ஆள் பக்கவாட்டுல நுழையலாம். கை பட்டுப் பட்டு அந்த ரெண்டு கம்பி மட்டும் பெயின்ட் போய் பளபளன்னு இருக்கும். நிர்வாகம் வெல்டிங் வைக்கும், கொஞ்ச நாள்ல மறுபடி வளைஞ்சிருக்கும். ஒரு நாள் வெல்டர் வேலையை முடிச்சுட்டு எழுந்தா, எங்க பிளாக் பாட்டி ஒருத்தங்க மறுபக்கம் முள்ளங்கிப் பையோட நின்னு அவரையே பாக்குறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவர் பையை மட்டும் கம்பிக்கு மேல வாங்கி இந்தப் பக்கம் வச்சார். பாட்டி சுத்தி நடக்க ஆரம்பிச்சாங்க.

2016 பிப்ரவரியில மத்திய அரசே இனி மூடின வளாகம் வேண்டாம், இருக்கிறதையும் படிப்படியா திறந்து விடுங்க, சின்ன பிளாக், நெருக்கமான தெருன்னு சொன்னுச்சு. சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் சாலைன்னு இலக்கு வேற. காசு போட்டு வாங்கின இடத்துல ஊரே நடக்கணுமான்னு வீட்டுக்காரங்க கொதிச்சாங்க. எங்க வேலி நான் கிளம்புற வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு.

ஊர்சுற்றி மாமா

எனக்குப் பெரிய அனுபவம் இல்லை, குவாங்ஜோ கண்காட்சிக்குப் போனபோது மெட்ரோவில் தப்பான வாசலில் ஏறி வெயிலில் அலைந்ததுதான். அதனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். கூகுள் மேப்பை நம்பாதீர்கள். அங்கே வரைபட ஆயத்தொலைவுகளைச் சட்டப்படியே நகர்த்தி வைத்திருக்கிறார்கள், புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி விழும். அமேப் அல்லது பைடு போட்டுக்கொள்ளுங்கள். முகவரி கேட்டால் எந்த ஸ்டேஷன், எந்த எழுத்து வாசல் என்று சேர்த்துக் கேளுங்கள். அங்கே ஒரு சந்திப்பைச் சுரங்கத்தில் கடப்பது ஒரு வேலை, மேலே கடப்பது வேறு வேலை. ஓட்டலில் தங்காமல் வாடகை அறையில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்யுங்கள். பாலு தம்பி, நீங்கள் செய்தீர்களா? பாய்ஷிஜோ மாதிரி நகர்ப்புறக் கிராமங்களில் வீட்டுக்காரர்கள் இதற்கு இழுத்தடிப்பார்கள், முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். அப்புறம் அதிவேக ரயில் ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் வயல்வெளியில் கட்டிவிட்டு, ஊர் அங்கே வளர்ந்து வரட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். நல்ல செருப்பு முக்கியம்.

நிலக்கரி

மாமா, தலைப்பைப் படிச்சீங்களா?

நான் சுரங்க இயந்திர சர்வீஸ். உள் மங்கோலியாவுல ஓர்டோஸ் போயிருக்கேன், அதுல கங்பாஷின்னு புதுசா கட்டின பகுதி. ஆளே இல்லாத பேய் நகரம்னு உலகமே எழுதிச்சு. 2012 குளிர்காலத்துல போனப்ப எழுதினதுல தப்பில்லைன்னுதான் தோணுச்சு. ஓடுபாதை மாதிரி ரோடு, நாலு திசையிலயும் சிக்னல், ஒரு வண்டி இல்ல. எங்க டாக்சி டிரைவர் சிவப்புக்கு நின்னார். 90-லேர்ந்து எண் ஒவ்வொண்ணா இறங்குது. "யாருக்காக நிக்கிறோம்?"னு கூட வந்த சீன இன்ஜினியர் கேட்டார். டிரைவர், "கேமரா இருக்கு"ன்னார். காத்து மட்டும் குறுக்கால போச்சு.

2019-ல திரும்பப் போனேன். அதே மாதிரி ஒரு சிக்னல்ல சாயங்காலம் கார் வரிசை நகரவே இல்ல. காரணம் ஸ்கூல். பழைய டோங்ஷெங் ஊர்லேர்ந்து நல்ல பள்ளிக்கூடங்களை இங்க நகர்த்திட்டாங்க, அப்பா அம்மா பின்னாலேயே வந்துட்டாங்க. அரசாங்க ஆபீஸ் 2006-லயே வந்தாச்சு, அதுக்கு வராத கூட்டம் ஸ்கூலுக்கு வந்துச்சு. 2020 கணக்கெடுப்புல ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். முதல்ல திட்டம் போட்டப்ப பேசின 10 லட்சம் பேர் எங்க, இது எங்கன்னு கேட்டா பதில் இல்லதான். ஆனா காலியா கிடக்குன்னு இன்னமும் பழைய போட்டோவைப் போடுறவங்க ஒரு தடவை சாயங்காலம் போய்ப் பாருங்க.

பாலு, உங்க ஹுனான் அம்மா கேட்டதும் இதே கேள்விதானே. ஒரு ஊர்ல ஸ்கூலைக் காட்டி ஆளை வரவழைச்சாங்க, இன்னொரு ஊர்ல ஆளை அனுப்பிட்டு ஸ்கூலை அவங்களையே தேட விட்டுட்டாங்க.

கொழும்பு யாவாரி

யிவுவுக்குச் சாமான் எடுக்கப் போறனான். ஒருக்கா பக்கத்தில ஜின்ஹுவாவில யான்வெய்ஜோ பூங்காவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போச்சினம். ரெண்டு ஆறு சேருற இடம். கொங்கிரீட் அணையை உடைச்சுப் போட்டு, புல் வளர்ற படிக்கட்டு மாதிரிக் கரை செய்திருக்கினம். மேல 700 மீட்டருக்கும் கூடின ஒரு வளைஞ்ச பாலம். மழைக்காலம், பூங்காவில பாதி தண்ணிக்குள்ள. ஒருத்தரும் பதறேல்லை. ஒரு தாத்தா பாலத்தில நிண்டு, கீழ மூழ்கின வாங்கைப் பேரனுக்குக் காட்டிச் சிரிக்கிறார். வெள்ளத்துக்கு இடம் விடத்தான் வேணும் எண்டு அந்தப் பூங்காவை வடிவமைச்ச யூ கோங்ஜியான் சொன்னது அங்கதான் எனக்கு விளங்கினது. அந்த மனுசன் 2025-ல பிரேசிலில விமான விபத்தில செத்துப்போனார். எல்லா நகரமும் இப்படிச் செய்தால் வெள்ளமே வராது.

கொரோனாவில் மாட்டினவன்

அண்ணே, கடைசி வரியை மட்டும் வாபஸ் வாங்குங்க. ஊருக்கு வர ஃப்ளைட் இல்லாம ஜெங்ஜோவுலயே கிடந்தவன் நான். எங்க தெருமுனையில தண்ணி உறிஞ்சுற செங்கல் பதிச்சு, பக்கத்துல விளக்கப் பலகையும் வச்சிருந்தாங்க. 2021 ஜூலை 20 சாயங்காலம் ஒரே மணி நேரத்துல 201.9 மில்லிமீட்டர். அந்த ஊருக்கு வருஷம் முழுக்க பெய்ற மழையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. ரெண்டாவது மாடியிலேர்ந்து பார்த்தேன், பலகையோட மேல்விளிம்பு மட்டும் தெரியுது, அதுல ஒரு வெள்ளைக் கார் வந்து முட்டி நிக்குது, உள்ள வைப்பர் ஓடிக்கிட்டே இருக்கு. ஆள் இறங்கிட்டாரான்னு தெரியல. மெட்ரோ 5-ஆம் லைன்ல 14 பேர் செத்தது அப்புறம்தான் தெரிஞ்சது.

கொழும்பு யாவாரி

தம்பி, நான் சொன்னது ஆத்தங்கரைப் பூங்கா. நீங்க சொல்லுறது நடைபாதைச் செங்கல். ரெண்டும் ஒண்டோ?

கொரோனாவில் மாட்டினவன்

ரெண்டுக்கும் 'ஸ்பாஞ்ச் சிட்டி', அதாவது மழைத்தண்ணியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சுற நகரம்னு ஒரே பேர்லதான் காசு ஒதுக்குறாங்க, அதான் கோபம். 2015-ல போட்ட விதியே 70 சதவீத மழையை அந்தந்த இடத்துலயே பிடிக்கணும்னுதான். அது வருஷம் பூரா பெய்ற சின்ன சின்ன மழைக்கான கணக்கு. பேய்மழைக்கு உங்க பூங்கா மாதிரி மூழ்குறதுக்குன்னே இடம் விடணும். ஆத்தங்கரையில அதை விட்டுடலாம், தப்பில்ல. நகரத்து நடுவுல நிலம் வித்து வர்ற காசை உள்ளூர் அரசாங்கம் ரொம்ப நம்பியிருக்கு. எந்த அதிகாரி அதை மூழ்கடிக்க விடுவார்?

பேட்டரி பாலு

மாமா, போலீஸ் பதிவு செஞ்சேன், குடிவந்த அன்னிக்கே சாயங்காலம். வீட்டுக்காரர் கூடவே வந்தார். அவர் அந்தக் கிராமத்துப் பூர்வகுடி. வயலை அரசாங்கம் எடுத்துக்கிட்டு வீட்டுமனையை மட்டும் கிராமத்துக்கு விட்டப்போ அதுல எட்டு மாடி ஏத்தினவர். இடிச்சதுக்கு அவருக்குப் புது வீடுகள் கிடைக்கும். அறைக்காரங்களுக்கு முன்பணம் திரும்பக் கிடைச்சாலே பெரிய விஷயம். அதுல எனக்கு 300 யுவான் பாக்கி.