வாஷ் பேசின் அருகே இருந்த இரண்டு கட்டில்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:

ஆறு வாரங்களுக்குள் எங்கள் பிரிவில் நான்கு நோயாளிகளின் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) அறிக்கையில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற ஒரே கிருமி வந்தது. மெரோபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் உட்பட மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்து பலிக்காது) என்றே அச்சாகியிருந்தது. கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மட்டுமே எஞ்சியது. எல்லோரும் முதலில் எங்கள் கைகளைத்தான் சந்தேகித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. நோயாளியைத் தொடுமுன் மறவாமல் கை சுத்தம் செய்யும் நாங்கள், மானிட்டர் பொத்தானையோ கட்டில் கம்பியையோ தொட்ட பிறகு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போவதும், கையுறை அணிந்திருப்பதையே சுத்தம் என்று எண்ணிக்கொள்வதும் கண்காணிப்பில் தெரிந்தன. அதைத் திருத்திய பிறகும் ஐந்தாவது நோயாளிக்கு வந்தது.

பிறகுதான் பதிவேட்டைப் பார்த்து, யார் எந்தக் கட்டிலில் எத்தனை நாள் இருந்தார்கள் என்று தாளில் வரைந்தோம். ஐவரில் நால்வர் வாஷ் பேசினை ஒட்டிய இரண்டு கட்டில்களில் இருந்தவர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் துளையின் மேலேயே விழும். அங்கிருந்து துளிகள் தெறிக்கும் தூரத்தில்தான் ஊசி மருந்து கலக்கும் மேசை இருந்தது. மூக்குக் குழாய் வழியே கொடுத்து மீந்த திரவ உணவையும், உடல் துடைத்த நீரையும், மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் பல ஆண்டுகளாக அந்தத் தொட்டியில்தான் கொட்டிவந்தோம். கிருமிக்குத் தீனியும் போட்டு, மருந்தையும் பழக்கிவிட்டிருக்கிறோம். வடிகாலில் எடுத்த மாதிரியில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. பிளீச்சிங் கரைசல் ஊற்றினோம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

ஆய்வக நுண்ணுயிரியலாளர்:

'ஆர்' வரிசை ஒத்திருப்பதை மட்டும் வைத்து வடிகாலில் இருந்ததும் நோயாளியிடம் இருந்ததும் ஒரே கிருமி என்று முடிவுகட்ட முடியாது. மரபணு வரிசையையும் ஒப்பிட வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு பரவலில் தொட்டியில் இருந்தது என்டரோபாக்டர் என்ற வேறொரு பாக்டீரியா, நோயாளியிடம் இருந்தது கிளெப்சியெல்லா. தொடர்பில்லை என்று ஒதுக்கிவிட்டோம். மெரோபெனெம் போன்ற மருந்துகளைப் பலிக்காமல் செய்யும் என்.டி.எம். மரபணுவைச் சுமந்த ஒரே பிளாஸ்மிட் (பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையம்) இரண்டிலும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. இவ்விரண்டும் சேர்ந்த கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்கள் எதிர்ப்புத்திறனை இனம் பார்க்காமல் கைமாற்றிக்கொள்ளக்கூடியவை.

இன்னொன்று, கொலிஸ்டின் பலிக்கும் என்ற முடிவு வட்டு முறையில் (அகார் என்ற கூழ் போன்ற ஊடகத்தில் மருந்து தோய்த்த வட்டை வைத்துப் பார்ப்பதில்) வந்ததா என்று கேளுங்கள். அதன் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பதுதான் நம்பத்தக்கது. கொலிஸ்டின் எதிர்ப்பையும் பிளாஸ்மிட் சுமக்கும் என்பது 2015-இல் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு மூலம் தெரியவந்த பின், இதில் நான் சமரசம் செய்வதில்லை.

நோயாளி ஒருவரின் மகள்:

என் தந்தையைத் தனியறைக்கு மாற்றி, உள்ளே வருவோரெல்லாம் மேலங்கி அணிந்தபோது எங்களைத் தீண்டத் தயங்குகிறார்கள் என்றே நினைத்தேன். மலக்குடலில் எடுத்த ஸ்வாப்பில் இந்தக் கிருமி இருந்தது, காய்ச்சல் இல்லை. கிருமி இருந்தும் மருந்து தரவில்லையே என்று மருத்துவரிடம் சண்டையே போட்டேன். குடலில் குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு என்றும், தேவையின்றிக் கொலிஸ்டின் கொடுத்தால் அவருடைய சிறுநீரகம்தான் கெடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

மீண்டும் செவிலியர்:

மேசையை நகர்த்தி, தொட்டியையே கழற்றிக் குழாய் முனையை அடைத்துவிட்டோம். கழற்றிய வளைவுக் குழாயின் உட்சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வழவழப்பான கூழ் படிந்திருந்தது. பிளீச்சிங் அதன் மேற்பரப்பைத்தான் தொட்டிருக்கும். கொலிஸ்டின் பற்றிக் கேட்டீர்களே, எங்களுடையது வட்டு முறைதான். ஐந்து மாதிரிகளையும் மறுபடி அனுப்பினோம். ஒன்றில் கொலிஸ்டினுக்கும் 'ஆர்' வந்தது.