பாம்பர் பிரிட்ஜில் தவறவிட்ட பேருந்து

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் வேலை பார்த்த காலத்தில், அதை ஒட்டியுள்ள பாம்பர் பிரிட்ஜ் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். 'ஓல்ட் ஹாப் இன்' என்ற, கூரை வேய்ந்த பழைய பப்புக்கு எதிரே உள்ள சிறு நினைவுத் தோட்டத்தில் நின்றது ஒரே ஒரு முறைதான், அதுவும் பேருந்தைத் தவறவிட்டதால். அங்கே அமர்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் தோட்டம் எதற்கென்று கேட்டேன்.

1943இல் இங்கே முகாமிட்டிருந்த அமெரிக்கச் சரக்கு வாகனப் படைப்பிரிவில் வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர், அதிகாரிகள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர் என்று அவர் தொடங்கினார். நாஜிகளின் இனவெறியை எதிர்த்துப் போரிட வந்த ராணுவம், தன் வீரர்களையே நிறத்தால் பிரித்து வைத்திருந்தது. பப்புகளிலும் அந்தப் பிரிவினையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதிகள் கேட்டபோது, 'கறுப்பின வீரர்களுக்கு மட்டும்' என்று எழுதி மாட்டினார்களாம் பப் நடத்தியவர்கள். இதைச் சொல்லும்போது பெரியவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை; எனக்கும்தான்.

ஜூன் 24ஆம் தேதி இரவு, சீருடை முறையாக இல்லை என்று ஒரு வீரரைப் பிடிக்க ராணுவப் போலீசார் இதே பப்புக்கு வந்தார்கள். உள்ளே இருந்த ஊர்மக்களும் பிரிட்டிஷ் வீரர்களும் கறுப்பின வீரர்கள் பக்கம் நின்றதால் திரும்பிப் போனவர்கள், பிறகு சாலையில் மறித்தபோது மோதல் மூண்டு துப்பாக்கி வெடித்தது. வில்லியம் கிராஸ்லாண்ட் என்ற வீரர் உயிரிழந்தார். இயந்திரத் துப்பாக்கியோடு போலீசார் வருகிறார்கள் என்ற செய்தி பரவியதும், முகாமில் இருந்தவர்கள் ஆயுதங்களை எடுத்துக்கொண்டார்கள். விடியும்வரை இருட்டில் சுட்டார்கள். கலகம் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். போலீசாரின் இன இழிசொற்களும் அதிகாரிகளின் திறமையின்மையுமே காரணம் என்று அமெரிக்கத் தளபதி ஐரா ஈக்கரே முடிவுக்கு வந்த பின்னர் தண்டனைகள் குறைக்கப்பட்டன. ஆனாலும் படையில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் ஆணை வர 1948 ஆயிற்று.

எண்பதுகளில் ஒரு வங்கிச் சுவரில் குண்டுத் துளைகள் தென்பட்ட பிறகே ஊரில் இந்தப் பேச்சு மீண்டும் எழுந்ததாம். பெரியவரின் தாயார் அந்தப் போர்க்காலத்தில் சிறுமி. தொப்பியைக் கழற்றாமல் எந்த வீரரும் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை என்று சொல்வாராம். அடுத்த பேருந்து வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கலகம் என்ற சொல்லைப் பெரியவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "பையன்கள் பயந்துபோனார்கள்" என்றே சொன்னார்.