சிஓசி ஃபிலிமில் ரோல்-டு-ரோல் எம்பாசிங்: சேனல் ஆழம் குறைகிறது, மூடியும் உள்ளே இறங்குகிறது

கேள்வி
பிடிஎம்எஸ்-இல் (சிலிக்கோன் ரப்பர்) வார்த்துச் சோதித்த மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பை (நுண்சேனல்களில் திரவம் ஓடும் சிப்), சூடான ரோலரால் அச்சழுத்தும் (எம்பாசிங்) ரோல் ஃபிலிமுக்கு மாற்றுகிறோம். சிஓசி (ஒருவகைத் தெளிவான பிளாஸ்டிக்) ஃபிலிம், டிஜி (பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் வெப்பநிலை) 138°C. நிக்கல் ஷிம் (மேடுகள் கொண்ட மெல்லிய அச்சுத் தகடு) சுற்றிய ரோலர் 165°C, வேகம் நிமிடத்துக்கு 1 மீட்டர். ஷிம்மில் மேடு 50 மைக்ரான். ஃபிலிமில் சேனல் ஆழம் 41தான், விளிம்பும் மழுங்கல். அதே ஃபிலிமை மூடியாகச் சூட்டில் ஒட்டினால் 4 மி.மீ. அகல அறையில் மூடி அடியைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தத்தைக் கூட்டலாமா?

பதில் 1
இப்போதைக்கு அழுத்தத்தில் கை வைக்காதீர்கள். நிப் (ரோலர்கள் ஃபிலிமை நெருக்கும் இடம்) அகலம் 10 மி.மீ. என்றால் இந்த வேகத்தில் ஃபிலிம் அழுத்தத்தில் இருப்பது 0.6 விநாடி. சேனலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். மேல்தோள் மட்டும் வளைந்து அடிமூலை கூராக இருந்தால் ஷிம் நிரம்பவில்லை: ஃபிலிமை முன்னதாகவே சூடேற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள். அடிமூலையும் உருண்டிருந்தால் சூடாகவே பிரிந்து தளர்ந்திருக்கிறது. ஒரே சூடான ரோலரில் ஃபிலிம் ஆற இடமில்லை. ஷிம்மைப் பெல்ட்டாக்கி, சூடான ரோலர், குளிர்ந்த ரோலர் இரண்டின் மேலும் ஓடவிட்டு, 110°C வாக்கில் பிரியுங்கள்.

கேட்டவர்
அடிமூலையும் உருண்டுதான் இருக்கிறது. 40°C வரை ஆறவிட்டால் இன்னும் கெட்டியாகப் பிரியாதா?

பதில் 1
பிரியும்போது கிழியும். சிஓசி, நிக்கலைவிட டிகிரிக்கு 47 பிபிஎம் (பத்து லட்சத்தில் 47 பங்கு) அளவு கூடுதலாகச் சுருங்கும். டிஜி-யிலிருந்து ஆறுவதைக் கணக்கிட்டால், 50 மி.மீ. நீள சிப்பில் 110°C-இல் பிரித்தால் வித்தியாசம் ஏறத்தாழ 0.07 மி.மீ.; 40°C-இல் 0.23. ஓரச் சேனல்களின் சுவர் மேட்டைக் கவ்விக்கொள்ளும். மேட்டுச் சுவருக்குச் சில டிகிரி சரிவும் கொடுங்கள்.

பதில் 2
மூடிக்கும் அடிக்கும் ஒரே கிரேடு என்பதுதான் சிக்கல். ஒட்டும் சூட்டில் இரண்டும் சேர்ந்தே இளகுகின்றன. டிஜி 78°C உள்ள சிஓசி கிரேடை மூடியாக்கி 85°C-இல் லேமினேட் செய்தால் சேனல் அசையாது. ஆனாலும் 4 மி.மீ. அகலம், 50 மைக்ரான் ஆழம் என்றால் 80-க்கு 1. மூடி தொய்யத்தான் செய்யும். அறைக்குள் தாங்கு தூண்கள் வையுங்கள். மூடியை ரோலரில் ஒட்டும்போது அதிகம் இழுக்கவும் வேண்டாம், பிறகு சிப் சுருண்டுகொள்ளும்.

இன்னொன்று: சிஓசி-யை வெறுங்கையால் தொடவே கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில், உள்தகைவும் (பிளாஸ்டிக்குக்குள் தங்கிய இழுவிசை) சூடும் சேர்ந்தால் மயிரிழை விரிசல் வெள்ளையாகப் படரும். கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.