அம்மாயியும் பாசிக்குடாவும்

பசறை சித்தி: பிள்ளைங்களா, பௌர்ணமி போயா லீவு வெள்ளிக்கிழமை வருது. மூணு நாள் லீவு. எங்கயாவது போவமா?

கொழும்பு தம்பி: கடலுக்குப் போவோம் சித்தி. மிரிஸ்ஸ?

பசறை சித்தி: ஆகஸ்ட்ல தெற்குப் பக்கம் வேணவே வேணாம்டா. போன வருசம் பட்டது போதும். சின்னவன அலை இழுத்தப்போ மாமா பாஞ்சு புடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? இப்பவும் நெனச்சா தூக்கம் வராது.

நான்: ஆமா சித்தி. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து அந்தக் கடலப் போட்டு அடிக்கும். அதே மாசங்கள்ல கிழக்குப் பக்கம் கடல் அமைதியா இருக்கும். பாசிக்குடா போவோம்.

ஹட்டன் மாமா: பாசிக்குடாவுல ஹோட்டல் வெல தெரியுமா?

நான்: கரையோரத்துப் பெரிய ஹோட்டல் நமக்கு எதுக்கு மாமா? கல்குடாவுல சின்ன ரூம் விசாரிச்சிட்டேன், சமைக்க விடுறாங்க. மீன் வாழைச்சேனையில வாங்கிக்கலாம்.

நான்: அம்மாயிக்காகத்தான் இந்த எடத்தச் சொல்றேன். 76 வயசாச்சு, இன்னும் கடலக் கண்ணால பார்த்ததில்ல. அங்க கரை வளஞ்சு உள்வாங்கியிருக்கு, அலை பெருசா எழும்பாது. ரொம்ப தூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்பளவுதான். ரெண்டு பக்கமும் கையப் புடிச்சிக்கிட்டா தைரியமா நிப்பாங்க.

பதுளை பெரியம்மா: அம்மாவுக்கு வளைவு ஒத்துக்காதேப்பா. ரோடு எப்படி?

நான்: நம்ம ஏ5 ரோடுதான் பெரியம்மா. பேராதனையில தொடங்குறது, நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா எல்லாம் தாண்டி செங்கலடியில போய் முடியுது. அங்க இடது பக்கம் திரும்பினா வாழைச்சேனை.

பசறை சித்தி: லுணுகலை தாண்டுற வரைக்கும் அம்மா முன் சீட்லயே இருக்கட்டும். கையில ஒரு தேசிக்காய் குடுத்திருங்க. ரொட்டியும் கட்டச்சம்பலும் நான் கட்டித் தாரேன்.

ஹட்டன் மாமா: வரும்போது இருட்டுல ஓட்டக்கூடாது. மஹாஓயா பக்கம் யானை ரோட்டுக்கு வரும். ஞாயிறு மத்தியானத்துக்கு முன்னயே கெளம்பிரணும்.

பதுளை பெரியம்மா: மஹாஓயாவுல வெந்நீர் ஊத்து இருக்கே, போகும்போது நிப்பாட்டுங்க. அம்மா முழங்காலுக்குக் கொஞ்சம் ஊத்தி விடலாம்.

ஹட்டன் மாமா: இன்னொண்ணு. 2004 டிசம்பர் 26 சுனாமியில கல்குடா பக்கம் நெறைய சனம் போச்சு. தண்ணியில கால வைக்க முன்ன எல்லாரும் ஒரு நிமிசம் அமைதியா நிக்கணும். பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க.

நான்: கட்டாயம் மாமா.

கொழும்பு தம்பி: அப்ப பாசிக்குடா. வேன் காசுல பாதி என் கணக்கு.

பதுளை பெரியம்மா: அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. அந்தத் தண்ணியில அட்டை கடிக்குமான்னு கேக்குறாங்க. 40 வருசம் கொழுந்தெடுத்த காலு, கணுக்கால சுத்தி தழும்பா இருக்கு. அதத் தடவிக்கிட்டே கேக்குறாங்க.

நான்: கடலட்டைன்னு ஒண்ணு இருக்கு அம்மாயி, ஆனா அது கடிக்காது, ரத்தம் குடிக்காது, அது பாட்டுக்கு அடி மணல்ல கெடக்கும். காலுக்கு உப்பு, சவுக்காரம் ஒண்ணும் பூச வேணாம். அங்க தண்ணியே உப்புதான்.

பதுளை பெரியம்மா: வாசிச்சுக் காட்டினேன். அப்ப செருப்பில்லாம எறங்கலாமான்னு கேக்குறாங்க.

நான்: எறங்கலாம். வெள்ளி காலையில 4 மணிக்கு வேன் வாசலுக்கு வந்திரும்னு சொல்லுங்க.