வழிகாணலா, கரைகாணலா, மீகாமமா?

கோவையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சிறுவர் அறிவியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஹவாயின் ஹோக்குலேயா என்னும் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு 1976 மே 1 அன்று மாவி தீவிலிருந்து புறப்பட்டு, ஜூன் 4 அன்று தாஹிட்டியை அடைந்த பயணம்தான் கடைசி இயல். வழி சொன்னவர் மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக். திசைகாட்டியும் இல்லை, வரைபடமும் இல்லை. உடன் சென்ற துணைக்கப்பல் கருவிகளால் இடத்தைக் குறித்துக்கொண்டது, படகுக்குச் சொல்லவில்லை. இரண்டு வேலையும் ஒரே பத்தியில் வருகின்றன. கப்பல் செய்ததற்கு (navigation) 'வழிசெலுத்தல்' என்று எழுதிவிட்டேன். மாவ் செய்ததற்கு (wayfinding) 'கருவியிலா வழிசெலுத்தல்' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. பொருத்தமான தமிழ்ச் சொல் ஒன்று சொல்லி உதவுங்கள்.

தஞ்சையிலிருந்து:

அம்மா, புதிதாக எதையும் ஆக்கவேண்டியதில்லை. கலத்தை நடத்துபவன் மீகாமன். அவன் கலை மீகாமம். மீ என்றால் மேல், கா என்றால் காத்தல். நீர்மேல் கலத்தைக் காப்பவன் என்று பொருள் தானே விளங்குகிறது. நீகான் என்னும் வடிவமும் உண்டு. மீயான், மீகான், நீகான் என்று மகரம் நகரமாகத் திரிந்த வரலாற்றைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, நீகான் பாலி மொழியின் நியாமகனோடு (கலம் நடத்துபவன்) உறவுடையது என்பாரும் உண்டு. கடலோடிகளின் சொல் கரைக்குக் கரை தாவுவதில் இழுக்கு எதுவுமில்லை. என் கவலை வேறு. ஏழாம் வகுப்புப் பிள்ளை மீகாமம் என்று படித்தால் 'காமம்' என்பதில்தான் நின்றுவிடும். வகுப்பில் அதைப் படிக்கவைக்கப் போகும் ஆசிரியரையும் நினைத்துப் பாருங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

'கருவியிலா' என்பதை முதலில் நீக்குங்கள். ஒரு கலையை அதில் இல்லாததைச் சொல்லி அழைப்பது அநீதி. மாவிடம் என்ன இருந்தது என்று பாருங்கள்.

தாஹிட்டி ஹவாய்க்குத் தெற்கே மட்டும் இல்லை, கிழக்கேயும் தள்ளியிருக்கிறது. காற்றோ பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடகிழக்குக் காற்று, தெற்கே தென்கிழக்குக் காற்று, இடையில் காற்றடங்கிய பட்டை. மேற்கே ஒதுங்கிவிட்டால் மீண்டும் ஏறுவது பெரும்பாடு. ஆகவே புறப்பட்ட நாளிலிருந்தே காற்றை எதிர்த்து ஓடிக் கிழக்கைச் சேமிக்கவேண்டும். தாஹிட்டியைக் குறிவைத்தும் போவதில்லை. அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் துவாமோத்து பவளத்தீவுகள் வேலிபோலப் பரந்து கிடக்கின்றன. அவற்றில் எது தென்பட்டாலும் போதும், அங்கிருந்து தாஹிட்டி பக்கம். 1976இல் முதலில் தென்பட்டது மத்தாய்வா.

இந்தத் திட்டம் முழுவதும் கரையிலேயே மனத்தில் வகுக்கப்படுகிறது. கடலில் நாள்தோறும் வேகம், திசை, காற்றால் ஒதுங்கிய அளவு மூன்றையும் கூட்டிக் கழித்து, படகு அந்த மனக்கோட்டில் எங்கே நிற்கிறது என்று அவர் சொல்லவேண்டும். வானம் மூடினால் தொலைவிலிருந்து வரும் நீண்ட அலை படகை எந்தப் பக்கம் தூக்குகிறது என்பதை உடம்பால் அறியவேண்டும். ஹோக்குலேயா என்பதே நம் சுவாதி விண்மீனின் ஹவாய்ப் பெயர்; ஹவாய்த் தீவுகளின் உச்சிக்கு மேலே கடப்பது அது. இவ்வளவையும் வைத்திருந்தவரையா 'இலா' என்று எழுதுவது? வழியைக் கண்டுகொண்டே போகிறார். 'வழிகாணல்' போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வழிகாணல் தட்டையாக இருக்கிறது. குலசேகர ஆழ்வார் 'எங்கும்போய்க் கரைகாணாது எறிகடல்வாய் மீண்டேயும், வங்கத்தின் கூம்பேறும் மாப்பறவை போன்றேனே' என்கிறார். நிலம் தென்படாத பறவை பாய்மரத்துக்கே திரும்புகிறது. பசிபிக்கில் மாலுமி வெள்ளை ஆலா என்னும் கடற்பறவையைப் பார்க்கிறார். காலையில் மீன் தேடிக் கடலுக்கு வருவது மாலையில் நிலம் நோக்கிப் பறக்கிறது. அந்தத் திக்கில் தீவு. இரண்டு கடலிலும் பறவைதான் கரையின் சாட்சி. ஆகவே 'கரைகாணல்'. ஒரு துறையில் தேர்ந்தவரைக் 'கரைகண்டவர்' என்று இன்றும் சொல்கிறோம். அந்தப் பெருமையும் சேர்ந்தே வரும்.

இன்னொன்று: மாவ் கற்ற கரோலின் தீவு மரபில் படகு நிற்கிறது, தீவுகள் நகர்கின்றன என்று வைத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் உள்ள ஒரு தீவு எந்த விண்மீனின் கீழே வந்துவிட்டது என்று கணக்கிட்டே தூரத்தை அறிகிறார்கள். நிற்கும் படகுக்கு ஏது வழி? கரைதான் அவர்களை நோக்கி வருகிறது.

தூத்துக்குடியிலிருந்து:

அழகான சொல்தான். ஆனால் பயணத்தின் கடைசி நாள்களுக்கே பொருந்தும். நடுக்கடலில் மூன்றாம் வாரத்தில் கரைகாணல் நடக்கிறது என்று எழுதமுடியுமா? 1980இல் ஹவாய் மாலுமி நைனோவா தாம்சன் அதே வழியைக் கருவிகளின்றிக் கடந்தபோது, அடிவானத்தை விண்மீன்கள் எழும், மறையும் இடங்களைக் கொண்டு 32 'வீடு'களாகப் பகுத்த விண்மீன் வட்டம் அவருக்குத் துணை. அது முழுவதும் திசையும் வழியும் பற்றியதே.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. தூத்துக்குடியார் சொன்ன 'வழிகாணல்' பயணம் முழுவதற்கும் பொருந்துவதால் அதையே நூல் முழுதும் போட்டுவிட்டேன். தாஹிட்டி தென்படும் பத்தியில் மட்டும் 'கரைகாணல்'. மீகாமன் சொற்பட்டியலில் இருக்கிறார்.

தஞ்சையிலிருந்து:

பட்டியலில் இடம் கொடுத்தமைக்கு நன்றி. ஆனால் உடன்பாடில்லை. வழியைக் காண்பது வழிப்போக்கனும் செய்வது. திரிபு வரலாற்றை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். அதைப் படித்தபின் இரண்டாம் பதிப்புக்கு முன் மறுபடி பேசுவோம்.