மார்கழியில் குளிரே இல்லை, மா பூக்குமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
மார்கழி முடியப் போகுது, ராத்திரி போர்வையே தேவைப்படல. பெங்களூரா மா மரத்துல பூவுக்குப் பதிலா தளிர் வருது. எல் நினோதான் (பசிபிக் கடல் வழக்கத்தைவிட சூடாகுறது) காரணமா?

தேன்கனிக்கோட்டை:
அது ஒரு பங்குதான், முதல்ல வானத்தைப் பாருங்க. மேகமில்லாத காய்ந்த இரவுல நிலத்தோட வெப்பம் நேரே மேலே போயிடும். வங்கக்கடல்ல இருந்து ஈரக்காற்று வந்துகிட்டே இருந்தா, மேகமும் நீராவியும் அதைத் திருப்பி அனுப்பும். விடியற்காலை வெப்பநிலை இறங்காது. எல் நினோ ஆண்டுகள்ல வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தூக்கலா இருக்கும், மேகமும் நீடிக்கும். போதாததுக்கு உலக சராசரி வெப்பநிலையே ஏறிக்கிட்டிருக்கு.

பர்கூர்:
தளிருக்கு மண் ஈரமும் காரணம். தண்ணி, தழைச்சத்து ரெண்டையும் நிறுத்துங்க. பிப்ரவரி நடுவரைக்கும் பூ வரலைன்னா பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம், இலை நனைய அடிங்க. இலை கரும்பச்சையா முத்தியிருக்கணும். இளந்தளிர்ல அடிச்சா காசுதான் வீண். பூத்தப்புறம் மூட்டமா இருந்தா சாம்பல் நோய் வரும்: நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயில்ல வேண்டாம், பூ கருகும்.

ஓசூர்:
ராத்திரி குளிரை அளக்கணும்னா வெப்பமானியை மொட்டைமாடியில வைக்காதீங்க, கான்கிரீட் ராத்திரி முழுக்க சூடு விடும். நிழல்ல, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்துல மாட்டுங்க.