ஹால் செவுத்துல தஞ்சாவூர் படம், மாடர்ன் ஆர்ட், பையன் வரைஞ்ச யானை... எல்லாத்தையும் எப்படிங்க மாட்டறது?

மொட்டைச்செவுரு

வணக்கம் மக்களே. வேளச்சேரில புது ஃப்ளாட்டுக்கு வந்து 4 மாசம் ஆச்சு, ஹால் செவுரு இன்னும் மொட்டையா நிக்குது, படமெல்லாம் பெட்ஷீட்ல சுத்தி கட்டிலுக்கு அடில. பிரச்சனை என்னன்னா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத சாமானா இருக்கு. எங்கம்மா குடுத்த தஞ்சாவூர் படம் ஒண்ணு, தவழற கிருஷ்ணர், 2 அடிக்கு ஒன்றரை அடி, தேக்கு ஃப்ரேம், தூக்கினா முதுகு புடிச்சுக்கும். பாட்டி வீட்டு ரவிவர்மா லட்சுமி, அதுல புடவை மேல யாரோ அந்தக் காலத்துலயே ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி வெச்சிருக்காங்க. மாமனார் எழுபதுகள்ல சோழமண்டலம் (ஈசிஆர்ல இருக்கற ஓவியர் கிராமம்) போய் வாங்கிட்டு வந்த கேன்வாஸ், செவப்பும் கருப்புமா கோடு கோடா இருக்கும், அது என்னன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது ஆனா எனக்கு ரொம்பப் புடிக்கும். அப்புறம் காளஹஸ்தி கலம்காரி துணி, கருப்பு வெள்ளை குடும்ப போட்டோ 5, கடைசியா என் பையன் கிரேயான்ல வரைஞ்ச யானை (அதை மாட்டலன்னா வீட்ல யாரும் சாப்பிட முடியாது).

செவுரு 11 அடி, கீழ 7 அடி சோஃபா. வீட்டுக்காரர் எல்லாத்தையும் ஒரே செவுத்துல அள்ளி வெக்கலாங்கறார். மாமியார், சாமி படத்துக்குப் பக்கத்துல தவறிப்போனவங்க போட்டோ வரவே கூடாதுன்னுட்டாங்க. டிரில் போடறவர் வந்து "எங்கம்மா ஓட்டை?"ன்னு நின்னாரு, எனக்கு சொல்லத் தெரியல, 200 ரூபா குடுத்து திருப்பி அனுப்பிட்டேன். யாராவது வழி சொல்லுங்க.

ஆறு_எம்எம்_பிட்

அவரை அனுப்பினது நல்லதுதான், முதல்ல தரைல வேலையை முடிங்க.

சோஃபாவோட அகலத்துல மூணுல ரெண்டு பங்கு, அதாவது உங்களுக்கு ஏறக்குறைய நாலே முக்கா அடி, அதுக்குள்ளதான் மொத்தக் கூட்டமும் இருக்கணும், 11 அடி இருக்கேன்னு பரப்பினீங்கன்னா பல்லு விழுந்த வாய் மாதிரி ஆயிடும். உயரம் 3 அடி வெச்சுக்கங்க. தரைல மாஸ்கிங் டேப்பால அந்த அளவுக்கு ஒரு கட்டம் ஒட்டி, அதுக்குள்ள படங்களை மாத்தி மாத்தி அடுக்குங்க, ஸ்டூல் மேல ஏறி ஒவ்வொரு தடவையும் போன்ல ஒரு போட்டோ. படத்துக்குப் படம் 2லருந்து 3 இன்ச் இடைவெளி, எல்லா இடத்துலயும் அதே அளவு. ஃப்ரேம் எவ்வளவு விதவிதமா இருந்தாலும் இடைவெளி ஒண்ணா இருந்தா கண்ணு ஒத்துக்கும், இது என் அனுபவம்.

உயரக் கணக்கு: சோஃபா சாய்வு 34 இன்ச்னு வைங்க, அதுக்கு மேல 7 இன்ச் விட்டா 41, அங்க உங்க கூட்டம் ஆரம்பிக்கும். 36 இன்ச் உயரத்துல பாதி 18, கூட்டினா 59. மியூசியங்கள்ல படத்தோட நடு தரைலருந்து 57 - 60 இன்ச்ல வர்ற மாதிரிதான் பொதுவா மாட்டறாங்க, சரியா வந்துடுச்சு பாருங்க.

அப்புறம் பேப்பரை ஒவ்வொரு ஃப்ரேம் சைஸுக்கும் வெட்டி செவுத்துல ஒட்டுங்க. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பின்னாடி இருக்கற கம்பியை விரலால மேல இழுத்துப் புடிச்சு, அந்த முனைலருந்து ஃப்ரேம் மேல் விளிம்பு வரைக்கும் அளந்து, அந்தப் புள்ளியைத்தான் பேப்பர்ல குறிக்கணும். டிரில்காரர் பேப்பர் மேலயே ஓட்டை போட்டுட்டு பேப்பரைக் கிழிச்சுடலாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல மட்டும் கை வெக்காதீங்க, உள்ள வயர் போகும். கிருஷ்ணருக்கு ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டு பிளக் (ஸ்க்ரூ புடிக்க ஓட்டைக்குள்ள சொருகற பிளாஸ்டிக்), ஒண்ணுல தொங்க விட்டா என்னிக்காவது சாயும். டபுள் சைடு டேப்பெல்லாம் யானைக்கு மட்டும்.

பழையபடப்பித்து

அந்த லட்சுமி படத்தை அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாதீங்க ப்ளீஸ். ரவிவர்மா 1894ல பம்பாய்ல அச்சகம் ஆரம்பிச்சாரு, அப்புறம் அது லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போச்சு, அங்கருந்து வந்த ஓலியோகிராஃபா (எண்ணெய் ஓவியம் மாதிரியே தெரியற அச்சுப்படம்), பின்னாடி யாராவது காப்பி அடிச்சதான்னு பாக்கணும்னா ஒரு லென்ஸ் வெச்சுப் பாருங்க. வரிசையா ஒரே சீரா புள்ளி புள்ளியா தெரிஞ்சா பிற்கால ஆஃப்செட் அச்சு. புள்ளி ஒழுங்கில்லாம மணல் தூவின மாதிரி இருந்தா பழைய கல் அச்சு. கீழ ஓரத்துல அச்சகத்தோட பேரு இருக்கலாம், ஃப்ரேம் கடைக்காரர் "ஓரம் அசிங்கமா இருக்கு, வெட்டிடறேன்"னு சொல்லுவார், விடவே கூடாது. எங்க வீட்டுப் படத்துக்கு அப்படித்தான் ஆச்சு, நான் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள.

ஜரிகை ஒட்டினதை அழுக்குன்னு நெனச்சு எடுத்துடாதீங்க, அந்தக் காலத்துல நம்ம வீடுகள்ல பொம்பளைங்க இப்படி படத்துக்கு புடவை கட்டி விடறது ஒரு வழக்கம், இப்ப அதைத்தான் தேடி வாங்கறாங்க. ஆனா கண்ணாடி அது மேல அழுத்தக் கூடாது, ஆழமான பெட்டி மாதிரி ஃப்ரேம் கேளுங்க. பின்னாடி பழைய அட்டை இருந்தா அதுல இருக்கற ஆசிட்தான் பேப்பரை பழுப்பாக்குது, ஆசிட் இல்லாத போர்டு மாத்துங்க. போட்டோவுக்கும் அதேதான், சுத்தி மவுன்ட், அதாவது அட்டை ஓரம் வெச்சா கண்ணாடில ஒட்டாது.

வெளிச்செவுத்துல எதையும் மாட்டாதீங்க. ஐப்பசி கார்த்திகை மழைல ஓதம் ஏறும், தஞ்சாவூர் படத்துல பலகை மேல துணி, அது மேல சுக்கான் (சுண்ணாம்புத் தூள்) பூச்சு, ஈரம் பட்டா பூச்சு வெடிச்சு கல்லு உதிர ஆரம்பிச்சுடும். எதுக்கும் ஃப்ரேமோட கீழ் மூலைல பின்பக்கம் ரப்பர் புஷ் ஒட்டினா காத்து போகும். கலம்காரிக்கு வெயில் ஆகாது, மேல குழாய் மாதிரி தெச்சு கம்பி சொருகி தொங்க விடுங்க, ஆணி அடிச்சா துணி கிழியும்.

வளவுவீட்டான்

மேல ரெண்டு பேரும் சொன்னது சரிதான் ஆனா காரைக்குடி பக்கம் எங்க ஐயா வீட்ல வளவுல (நடு முற்றத்துல) சுத்தி ரவிவர்மா, தஞ்சாவூர் படம், கண்ணாடி ஓவியம், கோட்டு போட்ட தாத்தா எல்லாம் நிலைக்கு மேல ஒரே வரிசையா முன்னாடி சாஞ்சு நிக்கும். 57 இன்ச்சும் இல்ல ஒண்ணும் இல்ல. தரைல உக்காந்து அண்ணாந்து பாக்கறவங்களுக்காக சாச்சாங்கன்னு நெனக்கறேன். அந்த உயரமெல்லாம் ஃப்ளாட்ல வராது, 9 அடி சீலிங்ல வெச்சா ஃபேனுக்கும் அதுக்கும் சண்டைதான்.

ஒண்ணு சொல்றேன், எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்கணும்னு யாரு சொன்னா? தஞ்சாவூர் படத்தோட தங்க ரேக்குக்குப் பக்கத்துல எதை வெச்சாலும் அழுது வடியும். கிருஷ்ணரைத் தனியா, வாசக்கதவைத் தொறந்தா நேரா தெரியற செவுத்துல மாட்டி மேல ஒரு மஞ்ச லைட் போடுங்க, டியூப்லைட் போட்டா கண்ணாடில டியூப்லைட்தான் தெரியும். லட்சுமி பூஜை ரூம் பக்கம். கலம்காரி டைனிங்குக்குப் போற வழில. சோஃபா மேல கேன்வாஸ், அதைச் சுத்தி போட்டோ, கூட யானை, போட்டோவுக்கும் யானைக்கும் ஒரே மாதிரி மெல்லிசு கருப்பு ஃப்ரேம், வெள்ளை மவுன்ட். கேன்வாஸ்ல கருப்பு இருக்குன்னீங்கல்ல, அது போதும் சேந்துக்கும். கேன்வாஸை நட்ட நடுவுல வெக்காம கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைங்க.

மொட்டைச்செவுரு

ஐயோ இது எனக்குத் தோணவே இல்ல, ஒரே செவுருன்னே யோசிச்சுட்டிருந்தேன். மாமனார் போட்டோ மட்டும் என்ன பண்றது? மாலை போட்டது. அத்தை அதை ஹால்லதான் வெக்கணுங்கறாங்க, அந்த 5 போட்டோல உசுரோட இருக்கறவங்களும் இருக்காங்க, அது பக்கத்துல இவங்க இருந்தா அத்தைக்கு ஒத்துக்காது.

பழையபடப்பித்து

மாலை போட்டதை தனிச்செவுத்துல வைங்க, தெக்கா வடக்கான்னு உங்க வீட்டுப் பெரியவங்க முடிவு பண்ணட்டும், நான் அந்த ஆட்டத்துக்கு வரல. ஆனா அவரு வாங்கின கேன்வாஸ் பக்கத்துல அவரு இருக்கணும் இல்ல? அந்த வயசுல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கான்னு அத்தைகிட்ட கேளுங்க. மாலை இல்லாம.

மொட்டைச்செவுரு

அப்டேட். கேட்டேன். அத்தை ஒண்ணும் பேசாம உள்ள போய் ட்ரங்க் பெட்டியை இழுத்துட்டு வந்துட்டாங்க. பெல் பாட்டம் போட்டுகிட்டு, பெரிய காலர் வெச்ச சட்டைல, சோழமண்டலத்துலயே ஒரு சிற்பத்து மேல கை போட்டு நிக்கறார் மாமனார், பக்கத்துல அத்தை ரெட்டை ஜடை, கூலிங்கிளாஸ். அது கேன்வாஸுக்குப் பக்கத்துல உறுதி, அவங்களே எடுத்து தரைல வெச்சாங்க. உசுரோட இருக்கறவங்க இல்லாதவங்க பேச்சே வரல.

பிரச்சனை என்னன்னா பெட்டில இன்னும் 9 போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க, எல்லாமே மாட்டணுமாம். நாலே முக்கா அடி தாண்டிடுச்சு. டிரில்காரர் ஞாயித்துக்கிழமை வர்றார்.

ஆறு_எம்எம்_பிட்

செவுத்துல ஒரு பலகை அடிச்சு போட்டோவை அது மேல சாச்சு வைங்க. ஓட்டை நாலுதான், வாரா வாரம் அத்தை மாத்திக்கட்டும்.

மொட்டைச்செவுரு

யானையை?

ஆறு_எம்எம்_பிட்

யானைக்கும் பிளக் போட்டுடுங்க. டேப் வேணாம். விழுந்தா நம்மளால பதில் சொல்ல முடியாது.